ரெண்டடி தொட்டியில் என்ன மீன் விடலாம்?

மன்னார்குடிக்காரன்:
பசங்க நச்சரிப்பு தாங்காமல் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் தொட்டி வாங்கியாச்சு. மணல், ஃபில்டர் எல்லாம் போட்டு போர் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன், நன்றாகத் தெளிந்துவிட்டது. கடையில் 4 கோல்டு ஃபிஷ், 2 ஏஞ்சல், 10 நியான் டெட்ரா, பாசி தின்ன ஒரு சக்கர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?

குடந்தை மீன்பிரியன்:
வேண்டாங்க. தெளிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்குகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும், அதற்குள் கூட்டமாக இறக்கினால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்துபோகும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாமல் ஓடுகிற தொட்டி இருந்தால் அந்தப் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் ஆகும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

ஓடம்போக்கி:
பட்டியலே சரியில்லை. தொட்டி நிரம்ப 55 லிட்டர் சொச்சம், மணல் போக 50 தேறினால் பெரிசு. கோல்டு ஃபிஷ் நாலு அதில் தாங்காது. ஏஞ்சல் வளர்ந்தால் நியானை முழுங்கும். சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும், அப்புறம் வைக்க இடமில்லாமல் ஹரித்ராநதி தெப்பக்குளத்தில் கொண்டுபோய் விடுவீர்கள்! அந்தப் புண்ணியம் வேண்டாம், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடுகிற போர் தண்ணீர் என்றால் கப்பி, பிளாட்டிதான் சுகமாக இருக்கும். முதலில் மூணு நாலு விடுங்கள், ரெண்டு வாரம் பார்த்துவிட்டு மீதி. கப்பியில் ஆண் மட்டும் வாங்கினால் மாசாமாசம் குட்டித் தொல்லையும் இல்லை.

மன்னார்குடிக்காரன்:
சரி, சக்கர் கேன்சல். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அயிரை பிடித்து விடலாமா?

குடந்தை மீன்பிரியன்:
தாராளமாக. மணலில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், பசங்களுக்குப் பிடிக்கும். மணல் மட்டும் பொடியாக இருக்கணும். மருந்தடித்த வயல் வடிகிற பக்கம் பிடிக்காதீர்கள். ரெண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். வலையில் செம்மஞ்சளாகக் கூட்டமாக வருவது விரால் குஞ்சு, அழகாயிருக்கே என்று சேர்த்து விட்டால் கப்பி ஒன்றும் மிஞ்சாது.