விதி இப்படி மாறிக்கொண்டே இருந்தால் யார் ஓட்டுவது? ரிமோட்டில் ஓட்டும் சிறு கார்களின் (ஆர்.சி. கார்) பந்தய அனுபவங்கள்

ஓசூரிலிருந்து:

புதுத் தொழில்நுட்பத்தை எதிர்ப்பவர்கள் எல்லாம் பழைய பஞ்சாங்கங்கள் என்று பெங்களூருப் பந்தயம் ஒன்றில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்ட வந்தவர்கள். 27 சுற்றுக் கம்பி சுற்றிய பிரஷ் மோட்டாரைக் கழற்றி, பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரைக் கடைந்து, கார்பன் பிரஷ் மாற்றி, இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்காதா என்று பாடுபட்டவர்கள். இயந்திரம் அவர்களுக்குப் பகை இல்லை, பிழைப்பே அதுதான்.

கார்பன் பிரஷ்ஷே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வந்தபோது முணுமுணுத்தார்கள், ஆனாலும் மாறினார்கள். 17.5 சுற்று மோட்டாரும் அதற்கேற்ற ஸ்பீடு கன்ட்ரோலரும் வாங்கினார்கள். அதன்பின் 2010-ஐ ஒட்டி, கன்ட்ரோலரின் மென்பொருளே கார் ஓடும்போது டைமிங்கை, அதாவது மோட்டாரின் சுருள்களுக்கு மின்சாரத்தை முன்கூட்டியே மாற்றிவிடும் அளவை, கூட்டத் தொடங்கியது. மோட்டார் அதே 17.5தான். புது மென்பொருள் ஏற்றியவரின் கார் நேர்ப்பாதையில் பறந்தது. ஏற்றாதவர் பின்னால் நின்றார். சூடு தாங்காமல் மோட்டார்கள் கருகின. பிறகு அதுவும் கூடாது என்று ‘பிளிங்கி’ முறை வந்தது: டைமிங் பூஜ்ஜியம் என்பதற்கு அடையாளமாகக் கன்ட்ரோலரின் விளக்கு சிமிட்ட வேண்டும், சிமிட்டாத கார் களத்தில் இறங்க முடியாது. நியாயமான விதிதான். ஆனால் முந்தைய விதிக்காகக் காசைக் கொட்டியவர்கள் இப்போது வேறு ரோட்டர் (மோட்டாருக்குள் சுழலும் காந்தம்), வேறு கியர் தேடினார்கள். அந்த இரண்டாவது செலவில்தான் பலர் காரைப் பரணில் ஏற்றினார்கள். அவர்கள் மீது எனக்குத் துளியும் குறை இல்லை.

தர்மபுரியிலிருந்து:

தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் எல்லா மாற்றத்தையும் ஒரே தராசில் போடாதீர்கள். நான் கிரிஸ்டல் ரிமோட் காலத்து ஆள்; ரிமோட்டின் அலைவரிசையை அதில் செருகும் கிரிஸ்டல் என்ற சிறு துண்டுதான் முடிவு செய்யும். 27 மெகாஹெர்ட்ஸில் நமக்குக் கிடைத்தவை ஆறே அலைவரிசைகள். இன்னொருவர் அதே கிரிஸ்டலைப் போட்டு ரிமோட்டை ஆன் செய்தால் போதும், நம் கார் நம் பேச்சைக் கேட்காது. செம்மண் களத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்த என் பக்கி (மண் களத்தில் ஓடும் கார்) அப்படித்தான் தறிகெட்டு ஓடிச் சுற்றுச்சுவரில் மோதியது. முன்பக்கம் முழுக்க நொறுங்கிவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்து அந்தத் தொல்லையை அடியோடு தீர்த்தது. ரிமோட்டும் ரிசீவரும் மாற்றினோம். கார் அதே கார்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் அப்படியே. பழைய ஆறு செல் பேட்டரி இருந்த குழியிலேயே கெட்டிக் கூடு போட்ட லிப்போ உட்கார்ந்தது. எடை குறைந்தது, ஈயத் தகடு ஒட்டிக் குறைந்தபட்ச எடையைச் சரிக்கட்டினோம். சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும், 8.4 வோல்ட்டைத் தாண்டவே கூடாது, அவ்வளவுதான் கவனம். கையில் இருக்கும் காரோடு அடுத்த பந்தயத்துக்கும் போக முடிகிறதா என்று மட்டும்தான் நான் பார்ப்பேன்.

பாலக்கோட்டிலிருந்து:

நான் நைட்ரோ பக்கி, அதாவது நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் இன்ஜின் வைத்த கார், ஓட்டுகிறவன். ஐரோப்பாவில் 2021 முதல் எரிபொருளில் நைட்ரோமீத்தேன் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு அங்கே பந்தயங்களில் 25 வரை இருந்தது. வெடிபொருள் மூலப்பொருட்கள் பற்றிய சட்டத்தால் வந்த மாற்றம் அது. அங்கிருப்பவர்கள் கார்புரேட்டரைத் திருத்திக்கொண்டு ஓட்டுகிறார்கள். அப்படி ஒரு காரணத்தைச் சொன்னால் நானும் கேட்டுக்கொள்வேன். காரணமே சொல்லாமல் மாற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து:

நான் ஓட்டுவதில்லை, என் மகன் ஓட்டுகிறான். கல்லூரி விடுமுறையில் மாங்காய் மண்டியில் கணக்கெழுதிச் சேர்த்த பணத்தில் டயர் வாங்கினான். பந்தயத்துக்கு முந்தைய வாரம், வேறு டயருக்குத்தான் அனுமதி என்று அறிவித்தார்கள். நானே போனில் கேட்டேன். “இந்த விளையாட்டில் செலவு இருக்கத்தான் செய்யும் அம்மா” என்றார் பேசியவர். பிள்ளையின் ஒரு மாத உழைப்பு அது. அவன் அந்தப் பந்தயத்துக்குப் போகவில்லை.

மீண்டும் ஓசூர்:

ஐயா சொன்னதை ஏற்கிறேன். கிரிஸ்டல் காலம் திரும்ப வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. இங்கே எங்கள் குழுவில் ஒன்று முடிவு செய்திருக்கிறோம்: ஒருமுறை அனுமதித்த மோட்டாரையும் டயரையும் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்க மாட்டோம், தீப்பிடிக்கும் ஆபத்து போன்ற பாதுகாப்புக் காரணம் மட்டும் விதிவிலக்கு. எந்த மாற்றமானாலும் ஒரு சீசனுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இதனால் எங்கள் கார்கள் பெங்களூரில் ஓடுவதைவிட மெதுவாகத்தான் ஓடும். பரவாயில்லை. அம்மா, மகனை அந்த டயர்களோடு வரச் சொல்லுங்கள். எங்கள் களத்தில் அவை செல்லும்.