வாக்குத்தத்தச் சீட்டும் வெண்கலச் சர்ப்பமும்

பாளையங்கோட்டை சகோதரர்:

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்தச் சீட்டுகளை, அதாவது புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எழுதிய சீட்டுகளை, சுருட்டித் தட்டில் வைத்திருப்பார்கள். 2022 கடைசியில் எனக்கு வந்தது ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." லேமினேட் செய்து பீரோவில் வைத்தேன். வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். ஜெபிக்காமல் போன நாட்கள் உண்டு, தொடாமல் போன நாள் கிடையாது.

அடுத்த டிசம்பரில் அந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதேதான். தாமிரபரணி பெருக்கெடுத்து, எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். அம்மாவை மாடியில் ஏற்றிவிட்டு, முட்டி மோதிக்கொண்டு பீரோவுக்குள் கைவிட்டுத் துழாவினேன். மேலிருந்து அம்மா, "ஐயா, என் சர்க்கரை மாத்திரை எங்கே?" என்று கேட்டார்கள். மாத்திரைப் பை சமையலறை மேடையில் இருந்தது. நான் தேடிக்கொண்டிருந்தது சீட்டை. சீட்டு கிடைத்தது, பை தண்ணீரோடு போய்விட்டது. இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் அம்மா பட்ட பாட்டை இங்கே எழுத மனம் வரவில்லை.

வீட்டைக் கழுவிவிட்ட பிறகு ஒருநாள் 2 இராஜாக்கள் 18 வாசித்தேன். வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்கட்டும் என்று மோசே கம்பத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பம். கர்த்தரே செய்யச் சொன்னது. யோவான் 3இல் இயேசு தம்மையே அதற்கு ஒப்பிடுகிறார். அதற்குத்தான் யூதாவின் ராஜா எசேக்கியாவின் காலம்வரை ஜனங்கள் தூபங்காட்டி வந்திருக்கிறார்கள்! ராஜா அதை உடைத்துப்போட்டு நிகுஸ்தான் என்று பேரிட்டான். வெறும் வெண்கலம், அவ்வளவுதான் என்பதுபோல. பாகால் என்னும் அந்நிய தேவனின் சிலையை உடைக்க ஒரு துணிச்சல் போதும். மோசேயின் கை பட்டதை உடைக்க எசேக்கியாவுக்கு என்ன நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்!

மதுரை சகோதரி:

மோசே மலையில் இருந்தபோது, ஜனங்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்துகொடுத்த அவர் அண்ணன் ஆரோன் பிறகு சொன்ன சாக்கு எனக்குச் சிரிப்பாக இருக்கும். பொன்னை "அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது" என்றானாம். தானாக வந்ததாம்! போன வருடம் மகளின் நீட் பயிற்சிக்குக் கட்டணம் கட்டக் கம்மலை அடகு வைத்தேன். ஞாயிறுதோறும் தேர்வு, அதனால் ஆராதனை இல்லை, வீட்டு ஜெபமும் நின்றுபோனது. அந்தக் கன்றுக்குட்டியும் காதணியில் செய்ததுதான் என்று அடகுச் சீட்டைப் பார்க்கும்போது நினைவு வந்தது. அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

கோவை சகோதரர்:

நான் லேத் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். சேர்ந்த வருடமே முதலாளியிடம் போய், "அண்ணா, என் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தருகிறேன், பொட்டு மட்டும் நான் வைக்கமாட்டேன்" என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். தானியேல் 3இல் ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்த மூவர், தேவன் தங்களை அக்கினிச் சூளையிலிருந்து விடுவிக்காவிட்டாலும் வணங்கமாட்டோம் என்று சொன்ன "விடுவிக்காமற்போனாலும்" என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கோபப்படவில்லை. பொரி மட்டும் கொடுத்தார். "படைத்ததா அண்ணா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். படைத்தது என்று ஒருவர் சொன்னால் அதைச் சாப்பிடாதே என்று பவுல் 1 கொரிந்தியர் 10இல் எழுதியபடி வேண்டாம் என்றேன். மறு வருடத்திலிருந்து எனக்கென்று படைக்காத பொரியைத் தனிப் பொட்டலமாக எடுத்து வைக்கிறார், நல்ல மனிதர்.

பாளையங்கோட்டை சகோதரர் எழுதியதைப் படித்ததும் இந்த வருட ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. என் லேத்தின் தலைப்பக்கம் ஒட்டியிருக்கும் வாக்குத்தத்தச் சீட்டு எண்ணெய் பட்டு உரிந்திருந்தது. புது டேப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தேன். பின்னால் குங்குமக் கிண்ணத்தோடு வந்த முதலாளி சற்று நேரம் பார்த்தார். "எனக்குப் பொட்டு, உனக்குச் சீட்டாக்கும்?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.