அப்பா தமிழர், அம்மா சீனர்: சிங்கப்பூரில் பிள்ளை பள்ளியில் எந்த மொழி படிப்பது?

தேக்காவாசி:
பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது. பெயருக்காக மாதக்கணக்கில் யோசிக்கும் பெற்றோர், இனத்தை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். 2011 ஜனவரி முதல் 'இந்தியர்-சீனர்' என இரண்டையும் சேர்த்தே பதியலாம். ஆனால் எது முன்னால் வருகிறது என்பது முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்ற வரம்பு போன்றவற்றுக்கு முதலில் உள்ளதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்தியர் முன்னால் இருக்கட்டும், பள்ளியில் தமிழே படிக்கட்டும் என்பேன். சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. இந்தப் பிள்ளைகளையும் விட்டுவிட முடியாது.

இருமொழி:
பதிவு வரிசை வேறு, படிக்கும் மொழி வேறு. இரட்டை இனப் பிள்ளையைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்கும்போது இரண்டில் எந்த மொழி என்று பெற்றோர் கேட்டு வாங்கலாம். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அம்மாவைப் பெற்ற பாட்டி என்றால் சீனம்தான் காதில் விழும். தொடக்கநிலை இறுதித் தேர்வில் நான்கு பாடங்களுக்கும் ஒரே மதிப்பு, அதில் தாய்மொழிப் பாடமும் (தமிழோ சீனமோ) ஒன்று. வீட்டில் துணை இல்லாத மொழியில் பிள்ளை திணறினால் மொத்தப் புள்ளியும் கெடும். இன்னொன்று, தமிழின் 247 எழுத்தையும் வீட்டிலேயே ஓராண்டில் பழக்கிவிடலாம். சீன எழுத்து ஆயிரக்கணக்கில் இருக்கிறது, பள்ளி இல்லாமல் வராது.

நெய்தல்:
பாட்டி பேசுவது பள்ளியில் சொல்லித்தரும் மாண்டரினா என்று முதலில் பாருங்கள். ஹொக்கியன், கான்டனீஸ் என்று வேறு சீன மொழி பேசும் பாட்டி என்றால் பள்ளிச் சீனத்துக்கு அது நேரடித் துணை ஆகாது.

தேக்காவாசி:
அதேதான். எழுத்தைப் பழக்கிவிடலாம் இருமொழி, பேச்சை எப்படிப் பழக்குவீர்கள்? அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலம். தமிழ் என்றால் அப்பா பிள்ளையிடம் பேசுவது மட்டும்: 'வா', 'சாப்பிடு', 'தூங்கு'. பெரியவர்கள் இருவர் ஒருவரையொருவர் 'வாங்க', 'சொல்லுங்க' என்பதை அந்தப் பிள்ளை கேட்பதே இல்லை. அதனால்தான் பன்னிரண்டு வயதில் தாத்தாவிடமும் 'நீ வா' என்கிறது. திமிர் என்று திட்டுகிறோம். மரியாதைப் பன்மையை அது கேட்க வழி எங்கே இருந்தது? தமிழாசிரியரும் வகுப்புத் தோழர்களும் இருந்தால் அந்தக் குறை பாதியாவது தீரும்.

இருமொழி:
அதற்கு வாரம் இரண்டு முறை தாத்தா பாட்டி வீட்டில் விட்டாலே போதும். ஒன்று செய்யச் சொல்லுங்கள், எல்லாரையும் 'அங்கிள், ஆன்ட்டி' ஆக்காதீர்கள்.

நெய்தல்:
இதில் இருவரோடும் நான் உடன்படுகிறேன். நம் உறவுமுறையும் சீன உறவுமுறையும் பல இடங்களில் ஒரே மாதிரி கோடு போடுகின்றன. பெரியப்பாவும் சித்தப்பாவும் அங்கேயும் வேறு வேறு. தாய்மாமனுக்கு 'ஜியூ ஜியூ', அத்தைக்கு 'கூ கூ', சித்தப்பாவுக்கு 'ஷூ ஷூ'. இரண்டு பக்கத்துப் பெயரையும் மூன்று வயதுக்குள் பிள்ளை சிக்கலில்லாமல் பிடித்துக்கொள்ளும். சேர்த்து ஒன்றை விளக்க வேண்டும்: நம்மில் பலர் வீட்டில் மாமன் மகள் முறைப்பெண். சீன அம்மாவின் உறவினர் முன்னால் அந்தக் கேலி வேண்டாம், அவர்களுக்கு அது உடன்பிறந்த முறை.

தேக்காவாசி:
சரி. ஆனாலும் தமிழ் என்று முடிவெடுப்பவர்கள் பள்ளியைத் தேர்வதற்கு முன்பே ஒன்று கேட்க வேண்டும்: தமிழ் அந்தப் பள்ளியிலேயே நடக்கிறதா? எல்லாத் தொடக்கப்பள்ளியிலும் நடப்பதில்லை. வேறு மையத்துக்கு அனுப்பினால் அழைத்துப் போக, கூட்டிவர ஆள் வேண்டும். பல வீடுகளில் தமிழ் கைவிடப்படுவது இங்கேதான்.