புதுப்பிப்பு: கெஸ்ட் வைஃபையில் ஐபி வராத சிக்கல் தீர்ந்தது

கெஸ்ட் வைஃபையில் லேப்டாப் கனெக்ட் ஆகிறது, ஆனால் ரவுட்டரிடமிருந்து ஐபி கிடைக்காதபோது லேப்டாப் தானே வைத்துக்கொள்ளும், 169.254-ல் தொடங்கும் முகவரிதான் வருகிறது என்று கேட்டிருந்தேன். கோளாறு ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை சிக்னல் தரும் கருவி) இல்லை, அதற்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள சுவிட்சில். கெஸ்ட் டிராஃபிக் விலான் 20 டேக்குடன் (ஒரே கேபிளில் நெட்வொர்க்குகளைப் பிரித்துக்காட்டும் எண்) வருகிறது. சுவிட்ச் போர்ட் அதை அனுமதிக்காததால் டிஎச்சிபி கோரிக்கை (ஐபி முகவரி கேட்பது) அங்கேயே நின்றுவிட்டது. ஆக்சஸ் பாயின்ட், ரவுட்டர் இரண்டும் செருகியுள்ள போர்ட்டுகளில் விலான் 20-ஐ டேக்டு (டேக்குடன் போவது) ஆக்கி, முதன்மை நெட்வொர்க்கின் விலான் 1-ஐ அன்டேக்டாகவே (டேக் இல்லாமல்) விட்டதும் கெஸ்ட்டுக்கான 192.168.20.x முகவரி வந்துவிட்டது.

கெஸ்ட் டிராஃபிக்கில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளில் வரிசைதான் முக்கியம். முதலில் ரவுட்டருக்கு டிஎச்சிபி (யுடிபி 67), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது, போர்ட் 53) அனுமதி, பிறகு முதன்மை நெட்வொர்க்கான 192.168.1.0/24-க்கும் ரவுட்டரின் மற்ற போர்ட்டுகளுக்கும் தடை, கடைசியில் இணையம். தடை மேலே போனால் வைஃபை இணைந்தே இருக்கும், எந்தத் தளமும் திறக்காது.

ஆக்சஸ் பாயின்ட்டில் கிளையன்ட் ஐசொலேஷனையும் (கெஸ்ட் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் ஆன் செய்யுங்கள். ஒரே கெஸ்ட் வைஃபையில் உள்ள இரண்டு போன்கள் பேசிக்கொள்வது ரவுட்டர் வரை போவதே இல்லை, ஃபயர்வாலால் தடுக்க முடியாது.