பே ஏரியாவில் சுப்ரா 3.0 வாங்குவதா, நிசான் இசட் வாங்குவதா? ட்யூனிங்கையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்

செவ்வந்திச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன். இப்போது ஓட்டுவது ஹோண்டா சிவிக் எஸ்ஐ. அதை விற்றுவிட்டு இரண்டு இருக்கைக் கார் ஒன்று வாங்கப் போகிறேன். பல மாதங்களாகத் தேடி, கடைசியில் இரண்டு கார்களில் வந்து நிற்கிறேன். ஏறத்தாழ ஒரே விலைக்குத்தான் இரண்டும் கிடைக்கின்றன.

ஒன்று, 2021 டொயோட்டா ஜிஆர் சுப்ரா 3.0. ஒரே உரிமையாளர், எட்டு வேக ஆட்டோமேட்டிக். எதையும் மாற்றவில்லை என்று விற்பவர் சொல்கிறார். மற்றொன்று, 2024 நிசான் இசட் பெர்ஃபார்மன்ஸ். ஆறு வேக மேனுவல், நிறுவன உத்தரவாதம் இன்னும் மிச்சமிருக்கிறது.

நிறுவனங்களின் கணக்குப்படி சுப்ராவுக்கு 382 குதிரைச்சக்தி, இசட்டுக்கு 400. அப்படியிருந்தும் ட்யூனிங் (பாகங்களையோ மென்பொருளையோ மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) என்று பேச்செடுத்தால் எல்லோரும் சுப்ராவில் இருக்கும் பிஎம்டபிள்யூவின் பி58 எஞ்சினைத்தான் கொண்டாடுகிறார்கள். அதன் காரணம் எனக்கு விளங்க வேண்டும்.

என் பயன்பாடு இது: வாரநாட்களில் சன்னிவேலுக்கு வேலைக்குப் போய் வர வேண்டும். சனிக்கிழமை காலையில் ஸ்கைலைன் சாலை, மவுண்ட் ஹாமில்டன் என்று மலைச்சாலைகள். ஆண்டுக்கு நான்கைந்து முறை பந்தயத் தடத்தில் ஓட்டுகிறேன். பெரும்பாலும் தண்டர்ஹில், எப்போதாவது லகுனா செக்கா. கார் வாங்கிய பிறகு அதன்மேல் எட்டாயிரம் டாலர் வரை செலவு செய்ய முடியும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றும் எண்ணம் இல்லை. மேனுவல் பிடிக்கும், ஆனால் அதற்காக நல்ல காரை விட்டுவிட மாட்டேன். என் உயரம் ஆறடி ஒரு அங்குலம்.

நேர்வரிசை ஆறு எழுதியது:

தம்பி, சான் ஹோசேயில் ஒரு பணிமனையில் டைனோ (காரின் சக்தியை அளக்கும் கருவி) என் பொறுப்பில் இருக்கிறது. இந்த இரண்டு கார்களும் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. எஞ்சினிலிருந்து தொடங்குகிறேன், நீங்கள் கேட்டது அதைத்தான்.

இரண்டும் மூன்று லிட்டர், இரண்டும் ஆறு சிலிண்டர். இரண்டிலும் எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. டர்போவிலிருந்து (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வரும் சூடான காற்றை இன்டர்கூலரில் இரண்டிலும் தண்ணீர்தான் குளிர்விக்கிறது. ஒற்றுமை இத்துடன் முடிகிறது. பிஎம்டபிள்யூவின் பி58இல் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. டர்போ ஒன்றே ஒன்று. இசட்டில் இருக்கும் நிசானின் விஆர்30 எஞ்சின் வி வடிவம். பக்கத்துக்கு மூன்று சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு சிறிய டர்போ, பக்கத்துக்கு ஒரு இன்டர்கூலர். ட்யூனிங் என்று வந்தால் இந்த ஒரு வேறுபாடுதான் உங்கள் பணப்பையைத் தீர்மானிக்கும். சுப்ராவில் பெரிய டர்போ வேண்டுமென்றால் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்திலிருந்து கைவிட்டு மாற்றலாம். இசட்டில் எல்லாவற்றையும் ஜோடியாக வாங்க வேண்டும், அதுவும் இடமே இல்லாத எஞ்சின் அறைக்குள் நுழைக்க வேண்டும். பாகத்தின் விலையும் கூலியும் சேர்ந்து ஏறும்.

அடுத்தது உறுதி. பி58ஐ பிஎம்டபிள்யூ தன் டீசல் எஞ்சின்களோடு ஒரே குடும்பமாக வடிவமைத்தது. சிலிண்டர்களின் மேல்விளிம்பைச் சுற்றி உலோகம் மூடியிருக்கும் பிளாக், அடித்து உருவாக்கிய எஃகு கிராங்க்ஷாஃப்ட். அழுத்தத்தைக் கூட்டினாலும் அடிப்பகுதி தாங்கும் என்ற நம்பிக்கை ட்யூனர்களுக்கு இருப்பது இதனால்தான். விஆர்30 பலவீனமான எஞ்சின் என்று நான் சொல்லவே மாட்டேன். 2016இலிருந்து இன்ஃபினிட்டி கியூ50, கியூ60 கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 86 மில்லிமீட்டர் விட்டம், 86 மில்லிமீட்டர் வீச்சு. சுழல ஆசைப்படும் எஞ்சின். ஆனால் 400 என்ற அளவிலேயே அந்தச் சிறிய டர்போக்கள் நிறைய உழைக்கின்றன. இதே எஞ்சினை நிஸ்மோ மாடலுக்காக நிசானே தட்டியெழுப்பியபோது 420தான் வந்தது. பி58இன் கதை வேறு. 335 குதிரைச்சக்தி என்று அறிவிக்கப்பட்ட 2020 சுப்ரா, சக்கரத்தில் அளந்தபோதே கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டியது. கியர்பாக்ஸிலும் அச்சிலும் தேய்ந்துபோகும் சக்தியைக் கழித்த பிறகும் அந்த எண் என்றால், அறிவித்த கணக்கு எவ்வளவு அடக்கமானது என்று பாருங்கள்.

2021 சுப்ராவில், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வாய்கள் இரண்டிலிருந்து ஆறாகின. பிஸ்டனையும் மாற்றி, அமுக்க விகிதத்தை 11.0இலிருந்து 10.2க்கு இறக்கினார்கள். 382 வந்தது இந்த மாற்றங்களால்தான். டர்போ அழுத்தத்தைக் கூட்ட நினைப்பவருக்கு இந்த இரண்டுமே நல்ல செய்தி. ஆனால் 2020 ஜூனுக்குப் பிறகு தயாரான கார்களில் எஞ்சின் கணினி பூட்டப்பட்டு வருகிறது. பூட்டைத் திறக்க வழி உண்டு. அது தனிச் செலவு, தனி வேலை. நீங்கள் பார்க்கும் கார் அந்த ரகம்.

ஆகவே, கட்டுப்பாடே இல்லாமல் சக்தியைக் கூட்ட எது இடம் கொடுக்கும் என்று கேட்டால், சுப்ரா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களுக்கு எது என்பதை இன்னும் சொல்லவில்லை. நம் கலிஃபோர்னியா பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பிரீமியம் 91 ஆக்டேன் (இந்த எண் கூடினால் எரிபொருள் தட்டாமல் அதிக அழுத்தத்தைத் தாங்கும்). இரண்டு எஞ்சின்களும் இந்த எரிபொருளில் சீக்கிரமே தட்டத் தொடங்கும், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும் எல்லைக்கு வந்துவிடும். கணினி உடனே பற்றவைப்பைப் பின்னுக்கு இழுக்கும். கோடை மதியத்தில் தண்டர்ஹில் 38 டிகிரியை எளிதாகத் தாண்டும். அந்த வெயிலில் சுற்று மேல் சுற்று ஓட்டும்போது இன்டர்கூலர் தண்ணீரும் எஞ்சின் ஆயிலும் சூடேறிக்கொண்டே போகும். டைனோவில் ஒரே ஒரு இழுப்பில் எடுத்த எண் அங்கே எந்தக் காருக்கும் நிலைக்காது. சுப்ராவின் இன்டர்கூலர், காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதைப் பெரிதாக்க மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும். அந்தச் செலவு உங்கள் எட்டாயிரத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும்.

ஆஸ்டின்மேகம் எழுதியது:

நான் டெக்சஸில் 2020 சுப்ரா வைத்திருக்கிறேன். 2021ஐ ஏன் பார்க்கிறீர்கள்? 2020 ஜூனுக்கு முன் தயாரான காரைத் தேடுங்கள். பூட்டு இல்லை, விலையும் குறைவு. இங்கே 93 ஆக்டேன் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதோடு தொட்டியில் கொஞ்சம் ஈ85 (85 சதவீதம் வரை எத்தனால் உள்ள எரிபொருள்) கலந்துகொள்கிறேன். மென்பொருளை மட்டும் மாற்றியதிலேயே கார் வேறு பிறவி எடுத்துவிட்டது. எத்தனால் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், தட்டலையும் தடுக்கும். ஆகவே வெயில் பற்றிய கவலைக்கும் அதுவே மருந்து. ஆட்டோமேட்டிக் என்று தயங்க வேண்டாம். அந்த இசட்எஃப் கியர்பாக்ஸ் எவ்வளவு முறுக்குவிசை கொடுத்தாலும் முகம் சுளிக்காது. சக்கரத்தில் 500ஐத் தொடும் சுப்ராக்கள் எங்கள் ஊரில் அபூர்வம் இல்லை.

மூன்றாம்கியர் எழுதியது:

சாக்ரமென்டோவிலிருந்து எழுதுகிறேன். 2023 இசட் பெர்ஃபார்மன்ஸ் மேனுவல் வைத்திருக்கிறேன். தண்டர்ஹில்லில் என்னோடு ஓட்டும் நண்பரிடம் சுப்ரா இருக்கிறது. காரை மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம்.

சுப்ரா வேகமான கார். எடை சுமார் 1,540 கிலோ, இசட் 1,600ஐ ஒட்டி வரும். சுப்ராவின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,470 மில்லிமீட்டர்தான், இசட்டுக்கு 2,550. வளைவுக்குள் திரும்பும்போது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். சுப்ரா நினைத்தவுடன் மூக்கைத் திருப்புகிறது. இசட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பிரேக் போட்டு எடையை முன்னுக்குக் கொண்டுவந்து, பிறகு திருப்ப வேண்டும். அந்தப் பழக்கம் கைவந்தபின் எனக்கு அதுவே பிடித்துப்போனது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பகிரும் இதன் டிஃபரன்ஷியல் கிளட்ச் வகை, முழுக்க இயந்திரம். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டருக்கு அது சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுபோல இருக்கும். விலை குறைந்த ஸ்போர்ட் மாடலில் இந்த டிஃபரன்ஷியல் கிடையாது. நீங்கள் பார்ப்பது பெர்ஃபார்மன்ஸ் என்பதால் கவலையில்லை.

முன்புறச் சஸ்பென்ஷனையும் பாருங்கள், யாரும் அதைப் பேசுவதில்லை. இசட்டுக்கு டபுள் விஷ்போன், சுப்ராவுக்கு ஸ்ட்ரட். தடத்தில் டயரின் வெளிவிளிம்பு தேயாமலிருக்கக் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும் அளவை, கூட்டியே ஆக வேண்டும். சுப்ராவில் மேலே ஒரு ஜோடி கேம்பர் பிளேட் போட்டால் போதும். இசட்டில் மேல் ஆர்ம்களை மாற்ற வேண்டும், செலவு கூடுதல். இந்த இடத்தில் சுப்ராவுக்குத்தான் மதிப்பெண்.

ஆறடி ஒரு அங்குலம் என்கிறீர்கள். ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போய் இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள். சுப்ராவின் கூரை தாழ்வானது. இருக்கையை முழுக்க இறக்கி, ஹெல்மெட்டோடு தலையை நிமிர்த்தி உட்கார முடியாவிட்டால், மற்ற கணக்கெல்லாம் வீண்.

நேர்வரிசை ஆறு எழுதியது:

ஆஸ்டின்மேகம் சொல்வது அவர் ஊருக்கு முற்றிலும் பொருந்தும். கலிஃபோர்னியாவில் இருப்பவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

2021 ஜூலையிலிருந்து இங்கே ஸ்மாக் (புகை மாசு) சோதனையில் எஞ்சின் கணினியின் மென்பொருளையும் பார்க்கிறார்கள். நிறுவனம் கொடுத்த மென்பொருளோ, மாநிலக் காற்று வாரியம் அனுமதித்த மென்பொருளோ இல்லையென்றால் கார் தோற்றுவிடும். புதிய கார்களுக்கு முதல் எட்டு ஆண்டுகள் சோதனையிலிருந்து விலக்கு உண்டுதான். ஆனால் நான்கு ஆண்டு தாண்டிய கார் கைமாறும்போது சோதனைச் சான்று வேண்டும், அதைக் கொடுக்க வேண்டியவர் விற்பவர். தம்பி, இதையே உங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்துங்கள். அந்த 2021 சுப்ராவுக்குப் புதிதாக எடுத்த சான்றைக் கேளுங்கள். எதையும் மாற்றவில்லை என்ற பேச்சுக்கு அது ஓரளவு சாட்சியாக இருக்கும். மாற்றியிருந்து, விற்பதற்கு முன் பழைய மென்பொருளுக்குத் திருப்பியிருக்கவும் கூடும். கணினியில் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஈ85 பற்றியும் ஒரு சொல். நல்ல எரிபொருள், நானும் விரும்புகிறேன். ஆனால் அதே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் ஊற்ற வேண்டியிருக்கும். நேரடிப் பீய்ச்சல் எஞ்சினில் எரிபொருளைத் தள்ளும் உயர் அழுத்த பம்ப்தான் தடை. கலவை கூடக்கூட அது மூச்சுவாங்கும். பம்ப், அதற்குரிய மென்பொருள், அந்த மென்பொருளுக்கு அனுமதி இல்லாத நிலை என்று சங்கிலி நீளும். நிறுவன உத்தரவாதத்தையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு நிறுவனங்களுமே எஞ்சின், கியர்பாக்ஸுக்கு ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல் தருகின்றன. 2021 சுப்ராவில் அது முடிவை எட்டிவிட்டது. 2024 இசட்டில் இன்னும் சில ஆண்டுகள் இருக்கும்.

சுப்ராவின் பெரிய பலம், கணினியைத் திறந்து அழுத்தத்தைக் கூட்டும்போதுதான் வெளிப்படும். கன்வர்ட்டரைத் தொடமாட்டேன், 91 ஊற்றுவேன், தினமும் வேலைக்கு ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டீர்கள். அந்தப் பலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைத் தொடாமலே வைத்திருக்கப் போகிறீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இசட்டை எடுப்பேன். டெக்சஸுக்குக் குடிபெயரும் திட்டம் இருந்தால் மட்டும் இந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்வேன்.

செவ்வந்திச்சாலை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. மூன்றாம்கியருக்கும் ஆஸ்டின்மேகத்துக்கும் நன்றி. நேற்று ஹெல்மெட்டோடு போய்ப் பார்த்தேன். சுப்ராவில் என் தலை கூரையைத் தொட்டது. இசட்டில் விரலளவு இடம் இருந்தது. மனம் இசட் பக்கம் சாய்ந்துவிட்டது. மென்பொருளைத் தொடாமல் அந்த எட்டாயிரத்தை எந்த வரிசையில் செலவு செய்யலாம்?

நேர்வரிசை ஆறு எழுதியது:

நல்ல முடிவு. முதல் செலவு பிரேக். பெர்ஃபார்மன்ஸ் மாடலின் முன் டிஸ்க் 355 மில்லிமீட்டர், நான்கு பிஸ்டன் காலிப்பர். அவற்றை மாற்ற வேண்டாம். தடத்துக்கான பேட்களும், கொதிநிலை உயர்ந்த பிரேக் ஆயிலும் போடுங்கள். 1,600 கிலோ காரைத் தண்டர்ஹில்லில் நிறுத்தும்போது முதலில் கைவிடுவது சாலைக்கான பேடும் பழைய ஆயிலும்தான்.

பிறகு தனியாக நான்கு சக்கரங்களும் தடத்துக்கான டயர்களும். காரோடு வருவது முன்னே 255, பின்னே 275 அகலம். அதே அகலத்தில் பிடிமானம் அதிகமான ரப்பரைப் போட்டாலே, எந்த மென்பொருளும் தரமுடியாத அளவுக்குச் சுற்று நேரம் குறையும். அதன்பின் மூன்றாம்கியர் சொன்ன மேல் ஆர்ம்களும் ஒரு நல்ல அலைன்மென்ட்டும். எஞ்சின் ஆயில் கூலருக்கு ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள், ஆனால் இப்போதே வாங்க வேண்டாம். எக்ஸாஸ்ட்டைத் தொடாதீர்கள், லகுனா செக்காவில் பெரும்பாலான நாட்களில் 90 டெசிபல் எல்லை வைத்திருக்கிறார்கள், சத்தம் தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

முதல் முறை தண்டர்ஹில் போகும்போது பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் எஞ்சின் ஆயில் எவ்வளவு சூடானது, வெளியே எத்தனை டிகிரி என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே போடுங்கள். கூலர் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த அளவு என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.