பழைய எக்செல் பக்கத்தைப் புதிய கோப்புக்கு அமைப்புக் கலையாமல் கொண்டுசெல்வது எப்படி?

மாங்கூழ்க் கணக்கர், கிருஷ்ணகிரி:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் கொள்முதல் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா என ரகவாரியாக வரும் ஒவ்வொரு வண்டிக்கும் எடைமேடைச் சீட்டின்படி மொத்த எடை, காலி வண்டி எடை, கழிவு, நிகர எடை, டன் விலை, விவசாயிக்குச் சேர வேண்டிய தொகை ஆகியவை ஒரே வரியில் வருமாறு சென்ற பருவத்துக் கோப்பில் 'பர்ச்சேஸ்' என்ற ஷீட் உள்ளது. விலைகள் 'ரேட்' என்ற தனி ஷீட்டில் உள்ளன.

இதே அமைப்பைப் புதிய கோப்புக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுத்து ஒட்டினால் நெடுவரிசை அகலங்கள் மாறி, தொகை வரவேண்டிய கட்டங்களில் வெறும் '####' தெரிகிறது. குறுக்குவாட்டு ஏ4 தாளில் அடங்கிய பக்கம் மூன்று தாள்களாகச் சிதறுவதோடு, இரண்டாம் தாளில் தலைப்பு வரியும் வருவதில்லை. ஷீட்டின் பெயரில் வலச் சொடுக்குச் செய்து 'மூவ் ஆர் காபி' வழியாகக் கொண்டுவந்தால் தோற்றம் சரியாக இருக்கிறது. ஆனால் சூத்திரங்கள் பழைய கோப்பிலிருந்தே சென்ற பருவத்து விலையை எடுக்கின்றன. விவசாயிக்குத் தரும் பணம் என்பதால் இதில் பிழை நேரக் கூடாது. வழி சொல்லுங்கள்.

கணினிப் பயிற்றுநர், தருமபுரி:

வணக்கம். எக்செல்லில் அமைப்பு என்பது ஓரிடத்தில் சேமிக்கப்படுவதில்லை என்பதை மனத்தில் கொண்டால் இவை அனைத்துக்கும் காரணம் விளங்கும். எழுத்துரு, நிறம், கோடு, எண் வடிவம் ஆகியவை கட்டத்துக்கு உரியவை. ஆகவே கட்டத்தை ஒட்டும்போது அவையும் உடன் வருகின்றன. அகலம் நெடுவரிசைக்கும் உயரம் வரிசைக்கும் உரியவை. தாளின் அளவு, ஓரம், அச்சுப் பரப்பு, ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரும் தலைப்பு வரி ஆகியவையோ ஷீட்டுக்கே உரியவை என்பதால், கட்டங்களை மட்டும் ஒட்டுகிறவருக்கு அவை ஒருபோதும் வாரா. அகலம் மட்டும் போதுமென்றால் 'பேஸ்ட் ஸ்பெஷல்' சென்று 'காலம் விட்த்ஸ்' தேர்ந்தெடுக்கலாம். உங்களுக்கு அது போதாது. ஷீட்டையே நகலெடுப்பதுதான் சரி.

அவ்வாறு நகலெடுக்கும்போது 'பர்ச்சேஸ்', 'ரேட்' இரண்டையும் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'டு புக்' என்ற இடத்தில் புதிய கோப்பைக் காட்டி, 'கிரியேட் எ காபி' கட்டத்தில் குறியிட்டு, ஒரே முறையில் அனுப்புங்கள். இரண்டும் ஒன்றாகச் சென்றால் ஒன்றையொன்று சுட்டும் சூத்திரங்கள் புதிய கோப்புக்குள்ளேயே நிற்கும். தனித்தனியாகச் சென்றால்தான் பழைய கோப்பின் பெயர் சூத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். குறியிட மறந்தால் ஷீட் பழைய கோப்பிலிருந்து நீங்கியே போய்விடும் என்பதையும் கவனியுங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்றிலுள்ள தரவு எக்செல்லின் 'டேபிள்' வசதியால் டேபிளாக மாற்றப்பட்டிருந்தால் எக்செல் இரண்டையும் சேர்த்து நகலெடுக்க மறுக்கும்.

ஏற்கெனவே தனித்தனியாகக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால், புதிய கோப்பைச் சேமித்துவிட்டு 'டேட்டா' பட்டியில் 'எடிட் லிங்க்ஸ்' (புதிய பதிப்புகளில் 'வொர்க்புக் லிங்க்ஸ்'), பின்னர் 'சேஞ்ச் சோர்ஸ்' சென்று, அந்தப் புதிய கோப்பையே மூலமாகக் காட்டுங்கள். அதே பெயரில் 'ரேட்' ஷீட் அதில் இருந்தால் சூத்திரங்கள் அனைத்தும் தம் கோப்பைச் சுட்டத் தொடங்கும். அதன் பிறகும் இணைப்பைப் பற்றிய கேள்வி வந்தால் கட்டங்களுக்குச் சூட்டிய பெயர்களின் பட்டியலான 'நேம் மேனேஜர்' திறந்து பாருங்கள். பழைய இணைப்புகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆலைக் கணக்கு அலுவலர், ஓசூர்:

மேலே சொன்னது சரியே. ஆயினும் பருவந்தோறும் இதே வேலை வருமென்றால் ஷீட்டை நகலெடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பழைய கோப்பைத் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதிய பெயரில் சேமியுங்கள். தீம் (நிறங்கள், எழுத்துருக்களின் தொகுப்பு), ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்த கட்ட வடிவம்) ஆகியவை கோப்புக்கு உரியவை. ஷீட்டை வேறு கோப்புக்கு அனுப்பினால் அங்குள்ள தீமுக்கு ஏற்ப நிறங்கள் மாறக்கூடும். நெடுவரிசை அகலமும் கோப்பின் இயல்பு எழுத்துருவைக் கொண்டே அளக்கப்படுகிறது. எக்செல் 2003 வரை அது ஏரியல் 10. எக்செல் 2007 முதல் பல ஆண்டுகள் காலிப்ரி 11. இப்போதைய மைக்ரோசாஃப்ட் 365இல் ஆப்டோஸ் நாரோ. பழைய காலத்துக் கோப்பின் பக்கம் புதிய கோப்பில் தாளைத் தாண்டி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம். முழுக் கோப்பையும் வேறு பெயரில் சேமித்தால் இந்தச் சிக்கல்கள் எழுவதே இல்லை.

பின்னர்ப் பழைய பதிவுகளை நீக்க வேண்டும். தரவுப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்5 அழுத்தி, 'ஸ்பெஷல்', 'கான்ஸ்டன்ட்ஸ்' என்று சென்றால் கையால் தட்டச்சு செய்தவை மட்டும் தேர்வாகும். டெலிட் அழுத்தினால் அவை போய்விடும். சூத்திரங்களும் கோடுகளும் அப்படியே இருக்கும். இதே முறையில் 'ரேட்' ஷீட்டின் விலைகளையும் காலி செய்துவிடுங்கள். பழைய விலை அங்கேயே கிடந்தால் யார் கண்ணிலும் படாமல் கணக்கில் ஏறிவிடும். காலியாக இருந்தால் தொகை பூஜ்யம் என்று வந்து உடனே காட்டிக்கொடுக்கும்.

மாங்கூழ்க் கணக்கர், கிருஷ்ணகிரி:

இருவருக்கும் மிக்க நன்றி. 'சேவ் ஆஸ்' வழியில் அச்சு ஒரே தாளில் அழகாக வந்தது. இன்னொரு ஐயம். விவசாயிகளின் பெயர்கள் வானவில் எழுத்துருவில் உள்ளன. அவற்றை 'பேஸ்ட் வேல்யூஸ்' மூலம் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடுகின்றன. இது ஏன்?

கணினிப் பயிற்றுநர், தருமபுரி:

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கட்டத்துக்குள் சேமிக்கப்படுவது தமிழ் அன்று. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. 'பேஸ்ட் வேல்யூஸ்' எழுத்துருவை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் எடுப்பதால் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது. ஒட்டிய கட்டங்களுக்கு மீண்டும் வானவில் எழுத்துருவை அளித்தால் பெயர்கள் திரும்ப வந்துவிடும்.

ஆனால் இதில் தோற்றத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஒரு பட்டியலில் பெயரைத் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் வீலுக்அப் சூத்திரம் ஆங்கிலச் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். பாமினியில் சிறிய எஃப் 'க'. பெரிய எஃப் 'கு'. சிறிய ஜி 'ப'. பெரிய ஜி 'பு'. ஆகவே அத்தகைய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரு பெயர்களை அந்தச் சூத்திரம் ஒரே பெயராகக் கருதி, ஒருவருக்குரிய தொகையை மற்றவர் வரியில் காட்டிவிடக் கூடும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் தரமாக ஏற்றுவிட்டது. நீங்களும் பெயர்ப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது 'பர்ச்சேஸ்', 'ரேட்' இரண்டிலும் உள்ள பெயர்களையும் ரகங்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் இரண்டும் பொருந்தாமல் எல்லா வரிகளிலும் பிழைக் குறியே வரும். அதுவரை பெயரைக் கொண்டு தேடாமல், ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் கொடுத்து அந்த எண்ணைக் கொண்டு தேடுங்கள்.