பெலிலியு, 1944: முன்வரிசையில் தண்ணீர், பாறை, ஈ

காலிக்குப்பி:
பசிபிக்ல ஜப்பானியர் வசமிருந்த பெலிலியு தீவுல அமெரிக்கர்கள் செஞ்ச செப்டம்பர் 15 படையிறக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சது, அதை விட்டுடறேன். எனக்கு மனசை விட்டுப் போகாதது அவங்களுக்குத் தண்ணி வந்த டிரம்தான். ஆளுக்கு இடுப்புல ரெண்டு குப்பி, ஒவ்வொண்ணும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெயில் 40 டிகிரியைத் தாண்டுது. பின்னாலிருந்து தண்ணி வந்தது 200 லிட்டர் எண்ணெய் டிரம்கள்ல. நீராவி விட்டு உட்புறத்தை நல்லா கழுவின பிறகுதான் அதுல குடிதண்ணி நிரப்பணும். அது அரைகுறையா நடந்ததால வந்தது துரு நிறத்துல, எண்ணெய் நாத்தத்தோட. தாகம் தாங்காம குடிச்சவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தாங்க. உடம்புல மிச்சமிருந்த நீரும் அதோட போச்சு. குடிக்காதவங்க வெயில்ல சுருண்டு விழுந்தாங்க.

மேட்டுநிலம்:
டிரம் கழுவினவங்க மேல மட்டும் பழி போடாதீங்க. சில நாள்ல முடிஞ்சிடும்னு அங்க இறங்கின அமெரிக்க டிவிஷனோட தளபதி மேஜர் ஜெனரல் ரூபர்ட்டஸ் சொன்ன சண்டை நவம்பர் 27 வரை இழுத்தது. ஓடையே இல்லாத தீவு. பொறியாளர்கள் கிணறு தோண்டின பிறகுதான் நிலைமை சீரானது.

என்னை உறுத்துறது ஈ. தரை முழுக்கப் பவளப்பாறை, மண்வெட்டி இறங்காது. மலக்குழி இல்லை, முன்வரிசையில கிடந்த சடலங்களைப் புதைக்க வழியில்லை. கொழுத்த ஈக்கள் உணவு டின்னுக்குள்ளேயே வந்து உட்காரும், கையால விரட்டினாலும் பறக்காது. டிடிடி பூச்சிமருந்து தெளிச்சாங்க. அது பறக்குற ஈயைக் கொன்னது; சடலத்துக்குள்ள இருந்த புழுவைத் தொடல. அடுத்த கூட்டம் அதுலேருந்து வந்தது.

கிழக்குக்கரை:
ரெண்டு பேரும் ஒரு பக்கத்தையே பேசறீங்க. தீவைக் காத்த ஜப்பானியத் தளபதி கர்னல் நாககாவாவின் ஆட்கள் உமுர்புரோகோல் குன்றுக் குகைகள்ல சொட்டுற நீரை டின்ல பிடிச்சு வச்சுக் குடிச்சாங்க. அது போதாம, லாட வடிவப் பள்ளத்தாக்குல இருந்த குட்டைக்கு ராத்திரியில இறங்கி வந்தாங்க. அமெரிக்கர்கள் அங்க முள்கம்பி போட்டு, விளக்கு வச்சு, காத்திருந்து சுட்டாங்க. வந்தா சாவுன்னு தெரிஞ்சும் வந்தாங்களே, அந்தத் தாகத்தைத்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன்.

மணல்மூட்டை:
அமெரிக்காவின் 81-வது தரைப்படை டிவிஷன் பத்தி யாருமே பேசல. குழி தோண்ட முடியாத பாறைல அவங்க கண்ட வழி மணல் மூட்டை. கீழேயிருந்து மணலை மேல சுமக்கணும். முன்வரிசை ஆள் குப்புறப் படுத்து, ஒரு கழியால மூட்டையைத் தனக்கு முன்னால தள்ளி, அதன் மறைவுல கொஞ்சம் கொஞ்சமா ஊர்ந்து போவான். மெதுவான வேலை, ஆனா உயிர் காத்தது.

இதை வச்சுக் கதை எழுத நினைக்கிறவங்களுக்குச் சில விஷயம். வீரன் பதுங்குகுழி வெட்டுற காட்சி வேண்டாம். கிடைச்ச பள்ளத்துல படுத்து, சுத்தி பவளக் கல்லை அடுக்கினான்னு எழுதுங்க. குண்டு விழுந்தா இரும்புச் சில்லு மட்டும் பறக்காது, பாறைச் சில்லும் சேர்ந்து பறக்கும். காயத்துல ரெண்டும் இருக்கும். கீழே விழுந்தாலே முழங்கையும் முட்டியும் கிழியும், பூட்ஸ் அடி சீக்கிரம் நைஞ்சிடும். ராத்திரி ஒரு பள்ளத்துல ரெண்டு பேர், ஒருத்தர் தூங்க ஒருத்தர் காவல். எழுந்து நடமாடினா சொந்த ஆளே சுடுவான். அதனால சிறுநீர் கழிக்கக்கூட வெளியே போகக் கூடாது, காலி டின்தான். அடையாளச் சொல்லா 'ல' ஒலி நிறைஞ்ச ஆங்கிலச் சொற்களை வச்சாங்க, ஜப்பானியர் நாக்குக்கு அது வராதுன்னு. காபி சூடாக்க விறகு தேட வேண்டாம்: கே-ரேஷன்ங்கிற போர்க்கள உணவுப் பொட்டலத்தோட மெழுகு பூசின உள்பெட்டியைக் கொளுத்தினா ஒரு கோப்பைக்குப் போதும். ஆனா வெளிச்சம் தெரியும், பகல்ல மட்டும் எழுதுங்க. காயம்பட்டவரை இறக்குறதையும் ஒரு வரியில முடிச்சிடாதீங்க. ஸ்ட்ரெச்சருக்கு நாலு பேர் வேணும். செங்குத்துப் பாறைல முன்னால இருக்கிறவங்க கைப்பிடியை உயர்த்தியும் பின்னால இருக்கிறவங்க தாழ்த்தியும் பிடிச்சாத்தான் ஆள் சரியாம இருப்பான். நாலு பேரும் நிமிர்ந்து நடக்கணும், சுடுறவனுக்கு அதுதான் வசதி.

கிழக்குக்கரை:
கதையை நவம்பர் 27-ல முடிச்சிடாதீங்க. 34 ஜப்பானிய வீரர்கள் அந்தத் தீவுல 1947 ஏப்ரல் வரைக்கும் ஒளிஞ்சிருந்துதான் சரணடைஞ்சாங்க.